ஏடும் திருமேனியும் இருக்குமிடம்

பழம்பொருள் ஒன்றைக் கண்ணாற் காண்பதற்கும், அதன் படியை நோக்குவதற்கும், அதனைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசிப்பதற்கும் வேற்றுமை உண்டோ? உண்டெனின், அவ்வேற்றுமை யாது? இவ்வினா அருங்காட்சியகம் நடத்துவார்க்கு மட்டும் உரியதன்று. சைவ மக்கள் ஒவ்வொருவர்க்கும் உரியது. என்னை? நம் சமயச் செல்வங்களுட் பெரும்பகுதி இரண்டு உருவிலேயே நம்மை வந்தடைந்துளது. ஒன்று ஏடு, மற்றொன்று திருமேனி. கல்லிலும் செம்பிலும் பொறித்த எழுத்தும் ஏட்டின் இனமேயாம். இவற்றை யாண்டு வைப்பது, எவ்வாறு வைப்பது, யார் காண வைப்பது என்பன இன்று நம்மால் தீர்க்கப்படவேண்டிய வினாக்களாய் நிற்கின்றன. எம் இல்லத்தே அண்மையில் எழுந்த ஒரு வழக்கும் இதனைப் பற்றியதே. அதனைப் பின்னர்க் கூறுவேன். முன்னர்ப் பொதுவகையாற் சிலவற்றை ஆராய்வோம்.

பொருளை அறிதற்குக் கருவியாகும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்றென்றும், பிறர் கூறும் ஏனைய அளவைகள் இவற்றுள்ளே அடங்கும் என்றும் சிவஞான சித்தியார் அளவையியலிற் கற்றிருக்கின்றோம். அம்முறையை வரலாற்று ஆராய்ச்சிக்குப் பொருத்தி நோக்குக. முன்னையோர் எழுதி வைத்த ஆவணம் உரையாகும். அவர்கள் கையாற் செய்து பயன்படுத்திய பொருள் காட்சியாகும். இவ்விரண்டையுங் கொண்டு அவர்தம் வாழ்வையும் கருத்தையும் உய்த்துணர்தல் கருதலாகும். இதுவரை கூறியது எளிது. இனிக் கூறுவதே கருதற்பாலது. மூல ஆவணம் என்பது உரையாதலோடு காட்சியுமாம். அதன்கண் உள்ள சொற்கள் உரை. அவ்வோலையின் நீளமும், எழுத்தின் வடிவமும், எழுத்தாணி சென்ற அழுத்தமும், மைபூசிய சுவடும், பலகாற் புரட்டிய விரல்களால் விளிம்பு கறுத்திருத்தலும் காட்சி. படி எடுக்குங்கால் உரை மட்டும் படியில் வந்து சேரும். காட்சி மூலத்திலேயே நின்றுவிடும். ஆகலின், படி எத்துணைச் செம்மையாயினும் மூலத்தின் பாதியே என்பது பெறப்படும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நம் முன்னோர் ஓலையில் எழுதுங்கால் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. ஆகவே மெய்யெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் ஒன்றுபோலத் தோன்றும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஓலையில் வேறுபாடின்றி நிற்கும். காலும் ரகரமும் ஒருவடிவாய் நின்று மயக்கும். அச்சுநூலில் நாம் இடர்ப்பாடின்றி வாசிக்கும் ஒவ்வோரடியிலும், பதிப்பித்த சான்றோர் பத்திடங்களில் நின்று ஆராய்ந்து, இவ்வெழுத்து இதுவே எனத் துணிந்திருக்கின்றனர். அச்சுநூல் அத்துணிபை மட்டும் நமக்குத் தருகின்றது. துணிதற்கு முன்னிருந்த ஐயத்தைத் தருவதில்லை. மூல ஏட்டைக் கண்ட மாணாக்கன் ஒருவன், ஆறுமுக நாவலர் முதலியோர் செய்த தொண்டின் அருமையை ஒரு நொடியில் உணர்வான். நூறு சொற்பொழிவு கேட்டும் அவ்வுணர்ச்சி உண்டாதல் அரிது.

மூலத்தைப் போற்றாவிடின் உரையே அழிதலும் உண்டு. திருஞானசம்பந்த சுவாமிகள் திருவிடைவாய் என்னுந் திருப்பதிக்கு அருளிய பதிகம் ஓலைச்சுவடிகளில் வழங்காது மறைந்துபோயிற்று. அத்தலத்துக் கோயிற் கல்லில் அது வெட்டப்பட்டிருந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கல்வெட்டுக்களைப் படியெடுத்தோர் கண்ணிற்பட்டு மீண்டது. இன்று மூன்றாந் திருமுறையின் இறுதியில் அதனைச் சேர்த்து ஓதுகின்றோம். அக்கல்லைத் திருப்பணி என்னும் பெயரால் உடைத்தெறிந்திருந்தாலும், சுண்ணம் பூசி மூடியிருந்தாலும், அப்பதிகம் நமக்கு இல்லையாயிருக்கும்.

இவ்விடத்தே திருமுறை கண்ட வரலாற்றினை நினைவு கூர்தல் தகும். உமாபதி சிவனார் அருளியதாகப் போற்றப்படும் திருமுறை கண்ட புராணம் அதனை விரித்துரைக்கின்றது. சோழ மன்னன் மூவர் திருப்பதிகங்களைத் தேடினான். நம்பியாண்டார் நம்பிகள் பொல்லாப் பிள்ளையார் திருவருளால் அவை தில்லையம்பலத்தின் மேல்பால் ஓர் அறையிலே காப்பிடப்பட்டிருத்தலை அறிவித்தனர். ஏடிட்ட மூவரும் வந்தாலன்றிக் கதவந் திறவோம் என்றனர் தில்லையிலுள்ளார். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளப் பண்ணி வரச் செய்தான், கதவந் திறந்தது. உள்ளே ஏடுகள் புற்றால் மூடப்பட்டிருந்தன. எண்ணெய் சொரிந்து புற்றினை நீக்கிப் பார்க்க, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியன இக்காலத்திற்கு வேண்டுவன என்று வானொலி எழுந்து மன்னன் துயரை ஆற்றிற்று.

இவ்வரலாற்றைப் பத்தியோடு கேட்டுக் கண்ணீர் வடிக்கின்றோம். அதனோடு, ஆராய்ந்து இரண்டு உண்மைகளையும் அறிந்துகொள்ளல் வேண்டும். ஏட்டினைக் காத்தற்பொருட்டு அறையில் வைத்துப் பூட்டினர். அங்ஙனம் பூட்டியதே அது செல்லுக்கு இரையாதற்கு வழியாயிற்று. காணாப் பொருளைக் காப்பார் இலர் என்பது முதலாவது. திருவுருவம் வந்து நின்றபோதே ஏடு வெளிப்பட்டது. ஏடும் திருமேனியும் ஒன்றற்கொன்று சான்றாவன என்பது இரண்டாவது. ஓர் அருங்காட்சியகம் எதன்பொருட்டு இருத்தல் வேண்டும் என்பதை இவ்விரண்டு உண்மைகளும் நமக்குக் கற்பிக்கின்றன.

ஓலை அழியும் என்றுணர்ந்த பின்னையோர் செம்பினை நாடினர். மணவிற் கூத்தனாகிய நரலோகவீரன் மூவர் பதிகங்களையும் செப்பேட்டில் எழுதுவித்தான் என்பதைத் தில்லைக் கோயிலின் பாடற் கல்வெட்டு உரைக்கின்றது. அச்செயலைப் பலகாலம் நூல்களில் மட்டுமே வாசித்து வந்தோம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், தருமபுர ஆதீனத்திற்குரிய சீகாழிச் சட்டைநாத சுவாமி கோயிலிற் குடமுழுக்கின் பொருட்டு வேள்விச்சாலை அமைக்க மண்ணைத் தோண்டியபொழுது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. காழியிலே, ஆளுடைய பிள்ளையார் ஞானப்பால் உண்ட திருப்பதியிலே, திருமேனிகளும் திருப்பதிக ஏடுகளும் ஒரே குழியினின்றும் ஒருங்கே எழுந்தன என்று கேட்டபோது மெய்சிலிர்க்காத சைவர் யார்? யாரோ ஒருவர், பெயர் தெரியாதவர், ஓர் இடுக்கண் வந்த காலத்தே, திருமேனியையும் ஏட்டையும் பிரிக்காமல் ஒன்றாகப் புதைத்துக் காத்திருக்கின்றார்.

மகிழ்ச்சியின் பின்னே வினா எழுந்தது. இவை கோயிலிலேயே இருத்தல் வேண்டும் என்பார் ஒருசாரார். மண்ணினுட் கிடந்து கிடைக்கும் பத்து ரூபாவுக்கு மேற்பட்ட பொருளெதனையும் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் விதிக்கின்றது. ஆகவே அரசின் காப்பிற்கு உரியன என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டிய தொன்றும் உண்டு. அவ்வேடுகள் யாண்டிருப்பினும், தில்லையில் இருந்தவாறு பூட்டிய அறையில் இருத்தல் ஆகாது.

பழம்பொருளை வகைப்படுத்தி எழுதிக் காட்டும் வழக்கம் மேல்நாட்டாரிடமிருந்து நமக்கு வந்ததென்று கருதுவார் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை ஒருமுறை நோக்குதல் நலம். முதலாம் இராசராசனும் அவன் தமக்கையாரும் தேவிமாரும் அதிகாரிகளும் அக்கோயிலுக்களித்த செப்புத் திருமேனிகள் அறுபதுக்கு மேற்பட்டன. அவை ஒவ்வொன்றின் உயரமும் முழத்தாலும் விரலாலும் அளந்து எழுதப்பட்டுள்ளது. திருக்கைகள் எத்தனை, பீடம் எத்தன்மைத்து, திருவாசி உண்டோ இல்லையோ என்பனவெல்லாம் காணலாம். அணிகலன்களின் பொன்னை ஆடவல்லான் என்னுங் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னுங் கல்லாலும் நிறுத்தெழுதினர். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக ஐம்பதின்மர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று கணக்கிட்டதும் அங்குளது. இத்துணை நுட்பமாய் எழுதப்பட்ட திருமேனிகளுள் இன்று நமக்கு எஞ்சியன மிகச் சிலவே. கல்லிற் கணக்கு நிலைத்தது. கணக்கிற்குரிய பொருள்கள் போயின. மூலத்தையும் அதன் ஆவணத்தையும் ஒருங்கே காத்தல் எத்துணை அரிதென்பதற்கு வேறு சான்று வேண்டா.

தஞ்சை அரண்மனையில் 1951ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கலைக்கூடத்திலே திருவெண்காட்டு இடபவாகன மூர்த்தியை யான் கண்டிருக்கின்றேன். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை விடையின்மேல் ஊன்றியவாறு பெருமான் நிற்கும் கோலம் அது. விடை இல்லை, அது கிடைக்கவில்லை. இல்லாத விடையின்மேற் கை ஊன்றியிருத்தலை நோக்குவார்க்கு, கண் தானே அவ்விடத்தில் விடையை அமைத்துக்கொள்ளும். கோலக்கவன் என்பான் இடபவாகன தேவரை எழுந்தருளுவித்தான் என்னுஞ் செய்தி, இராசராசனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1011ஆம் ஆண்டில், திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டிற் காணப்படுகின்றது. மறு ஆண்டில் அம்மையாரின் திருமேனி அமைந்தது. ஆகவே, இத்திருமேனியைச் செய்வித்தார் யார், எக்காலத்தில் என்பதை ஐயமின்றி அறிகின்றோம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுள் இத்துணைத் தெளிவாகக் காலம் துணியப்படுவன சிலவே. பொருள் தஞ்சையில், ஆவணம் திருவெண்காட்டில். தஞ்சைக்கு வருவார் பலர் பெருமானின் அழகைக் கண்டு வியந்து செல்கின்றனர்; வெண்காட்டிற்குச் செல்வோர் பலர் அச்சுவரைத் தடவிக்கொண்டு வலம் வருகின்றனர். இரண்டையும் ஒருவரே கண்டு இணைத்துணர்தல் அருகியே நிகழ்கின்றது. கல்வெட்டின் மைப்படியொன்றைப் பெருமானருகே வைத்துத் தமிழில் நான்கு வரி எழுதினால், காண்பார்க்குக் காட்சியும் உரையும் கூடிக் கருதல் பிறக்குமன்றோ?

இனி, சைவர் மனத்தைப் பெரிதும் வருத்துந் தடை ஒன்றுண்டு. பூசனைக்குரிய திருமேனியைக் கண்ணாடிப் பேழையில் வைத்தல் தகுமோ என்பதே அது. 1851இல் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகத்தை அந்நாளில் நகர மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். அப்பெயரில் நகைச்சுவையோடு ஓர் அச்சமும் மறைந்திருக்கின்றது. அபிடேகமும் தூபதீபமும் பெற்று விழாக்கொண்ட மூர்த்தி, 'செத்த' பொருள்களின் வரிசையிற் சேர்வதோ? தஞ்சைக் கலைக்கூடத்தில் நின்றபோது எனக்கும் இவ்வெண்ணம் வந்தது. செருப்பணிந்தோர் அருகே நடக்க, கைகூப்புவதா வேண்டாவா என்று தயங்கினேன். அங்கிருந்த காவலர் என் தயக்கத்தைக் கண்டு, "கும்பிடுங்கள் ஐயா, தொடத்தான் கூடாது" என்றார். அவர் படித்துப் பெற்ற விடையன்று அது. நாள்தோறும் அப்பெருமான் திருமுன்னர் நின்று பெற்ற விடை.

சித்தாந்தமும் இதற்கு மாறன்று. இறைவன் எங்கும் நிறைந்துள்ளானாயினும் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல மறைந்தும், திருவேடத்திலும் திருக்கோயிலிலும் தயிரில் நெய்போல விளங்கியும் நிற்பன் என்பது நம் ஆசிரியர் கொள்கை. பால் கெட்டுப் போகாமற் காத்தால் அது என்றேனும் உறையும். உருக்கி விற்கப்பட்ட திருமேனி மீண்டும் ஆலயத்தில் எழுந்தருளப் போவதில்லை. அருங்காட்சியகத்திற் காக்கப்பட்ட திருமேனிக்கு அவ்வழி அடைபடவில்லை. எனவே, நித்திய பூசை நடக்குங் கோயிலின் மூர்த்தியைக் காட்சிக்காகப் பெயர்த்தல் ஆகாது. பூசையிழந்து காப்பாரின்றிக் கிடக்கும் மூர்த்தியைக் காட்சியில் வைத்துக் காத்தல் ஆகும். பூசைக்குரிய இடமும் காப்பும் அமைந்தவழி மீள எழுந்தருளச் செய்தல் கடன். இம்மூன்று வரம்புகளுக்கு உட்பட்டு நடப்பதாயின் சைவர்க்குத் தடை இல்லை என்பது என் துணிபு.

காக்குமிடம் யாண்டிருத்தல் வேண்டும்? அப்பொருள் தோன்றிய ஊர்க்கு அணித்தாக இருத்தல் வேண்டும். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் வழங்கிய ஆவணம் இருபத்தொரு செப்பேடுகளாக அமைந்தது. சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்ட மன்னன் புத்தப் பள்ளிக்கு ஊரளித்த அப்பெருமையை உரைக்கும் ஏடுகள் ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து, 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடைமையாயின. உலக அறிஞர் அவற்றை 'லெய்டன் செப்பேடுகள்' என்றே வழங்கினர். ஓர் ஆவணம் தன் ஊரை விட்டு நீங்குங்கால் பெயரையும் இழக்கின்றது. ஆனைமங்கலத்துச் சிறுவன் தன் ஊர்ப் பெயர் அரசன் ஆணையில் எழுதப்பட்டிருந்ததென்பதை எங்ஙனம் அறிவான்?

திருமேனிகளின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1976இல் பத்தூரில் மண்ணினுட் கிடைத்த நடராசப் பெருமான் களவாக விற்கப்பட்டு இலண்டன் மாநகர் சென்றார். வழக்கு நிகழ்ந்தது. பாழடைந்த கோயிலாயினும் அது தன் உரிமையைக் கேட்டு வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் பெருமான் தாயகம் மீண்டார். அரியலூரை அடுத்த சிரீபுரந்தானிலிருந்து களவு போன நடராசப் பெருமானை 2008இல் ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கிற்று; 2014இல் அந்நாட்டார் திருப்பி அளித்தனர். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னரே எடுத்து வைத்த ஒளிப்படங்கள் இத்தகைய வழக்குகளிற் பெருஞ் சான்றாயின. ஒளிப்படமும் ஓர் ஆவணமே. அஃது இல்லாத ஊர்களின் மூர்த்திகளுக்காக யார் வாதிடுவார்?

மீண்டு வந்தபின் நிகழ்வது யாது? காவலற்ற சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் பலவும் அரசின் பாதுகாப்பு மையங்களிற் சேர்க்கப்படுகின்றன. களவினின்றும் அவை தப்பின, இது நன்றே. அம்மையங்களின் உள்ளே ஊரார் எளிதிற் புகுதல் இயலாது. விழா நாட்களிற் சில மூர்த்திகள் தம் ஊர்க்கு எழுந்தருளி மீள்வதுண்டு. மற்றையன இருளில் அடுக்கடுக்காய் நிற்கின்றன. திருடன் கைப்படாமையும் அன்பன் கண்படாமையும் ஒருங்கே நிகழ்கின்றன. இம்மையங்களுக்கு அருகே ஊர்தோறும், அன்றேல் வட்டந்தோறும், முறையான அருங்காட்சியகம் அமையுமாயின் இக்குறை நீங்கும். புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910 முதல் ஒரு சிறு நாட்டின் பொருள்களை அந்நாட்டிலேயே வைத்துக் காட்டி வருகின்றது. கீழடியில் அகழ்ந்த பொருள்கள் கீழடியிலேயே 2023 மார்ச்சு முதல் காட்சியில் உள்ளன. பெருநகரத்தை நோக்கியே எல்லாம் செல்லுதல் வேண்டும் என்னும் விதி இல்லையென்பதற்கு இவை போதும்.

காட்சியில் வைத்தல் என்பது கண்ணாடிப் பெட்டியில் இட்டு விளக்கேற்றுவதன்று. பொருளின் இயல்பறிந்து செய்யாவிடின் காட்சியே கேடாய் முடியும். மண்ணிற் பலநூறாண்டு கிடந்த செப்புத் திருமேனியில் உப்புச் சத்து ஊறியிருக்கும். ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளிறிய பசுந்தூளாய்ப் பூத்து உலோகத்தைக் குழிகுழியாகத் தின்னும். ஆகலின் செம்பிற்குக் காற்றின் ஈரம் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டிற்கும் குறைவாக இருத்தல் வேண்டும். ஓலைக்கோ அத்துணை வறட்சி ஆகாது. ஓலை உலர்ந்து நொறுங்கும். மிக்க ஈரமும் ஆகாது. பூஞ்சையும் பூச்சியும் பற்றும். ஐம்பது விழுக்காட்டை அடுத்த நடுநிலை வேண்டும். ஒளியும் ஐம்பது லக்ஸ் அளவிற்கு மேற்படல் ஆகாது. எனவே ஏட்டையும் திருமேனியையும் ஒரே பேழையில் வைத்தல் இயலாது. ஒரே கூடத்தில், அடுத்தடுத்த இரு பேழைகளில் வைத்தல் இயலும். முன்னோர் வசம்பும் வேம்பும் சுவடியோடு வைத்துப் பூச்சியைத் தடுத்ததும், துணியிற் பொதிந்து சட்டமிட்டுக் கட்டி ஒளியைத் தடுத்ததும், ஆண்டுதோறும் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வைத்ததும் இவ்வறிவின்பாற்பட்டனவே.

படியை வைத்துவிட்டு மூலத்தை இருளில் வைக்கலாகாதோ என வினவுவார் உளர். படிக்கும் இடமுண்டு. தொட்டுப் பயிலுதற்கும், பள்ளிதோறும் அனுப்புதற்கும், கணினி வாயிலாக உலகெங்கும் வாசிப்பித்தற்கும் படியே ஏற்றது. மூலம் என்றும் வெளியில் இருத்தலும் வேண்டா. முறைவைத்துச் சிலநாட் காட்டிச் சிலநாள் ஓய்வளிக்கலாம். ஆயினும், என்றுமே காட்டப்படாத மூலம் உளதோ இலதோ என்று ஒருவரும் அறியார். பெட்டியில் உளதென்று ஏட்டிற் கணக்கிருக்கும். பெட்டியைத் திறந்தால் ஒன்றும் இராது. இங்ஙனம் நிகழ்ந்த வரலாறுகள் பல. பலர் கண்படும் பொருள் களவு போயின் அன்றே தெரியும்.

இனி எம் இல்லத்து வழக்கினைக் கூறுவேன். எம் பாட்டனார் காலத்திலிருந்து வந்த தேவாரத் திரட்டுச் சுவடி ஒன்று எம்பால் உளது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட ஏடுகள். எழுதி முடித்த ஆண்டின் பெயரும் திங்களும் இறுதியேட்டில் உள. அறுபதாண்டு வட்டத்துப் பெயராதலின் எந்த நூற்றாண்டென்பதை எழுத்தின் வடிவு கொண்டே துணிதல் வேண்டும். ஒரு பதிகத்தின் ஏடுகள் மட்டும் மற்றையவற்றினுங் கறுத்து விளிம்பு தேய்ந்திருக்கும். இல்லத்தே நோயோ துன்பமோ நேர்ந்தபோதெல்லாம் அப்பதிகம் ஓதப்பட்டதென்று எந்தையார் கூறுவர். எம் மாவட்டத்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் அதனைக் காட்சிக்கு அளிக்குமாறு வேண்டினார்.

என் மகன் உடன்பட்டான். "அப்பா, நல்ல படி எடுத்துக்கொள்வோம். மூலம் அங்கிருந்தால் பலர் காண்பர், இங்கிருந்தால் நாம் மட்டுமே காண்போம்" என்றான். என் தமக்கையார் உடன்படவில்லை. "தம்பி, அப்பா முன்னொரு கட்டினைக் கேட்டவர்க்குக் கொடுத்தாரே, வந்ததா? வாங்கியவர் ஒரு சீட்டேனும் எழுதிக் கொடுத்தாரா? நவமியன்று நான் எதனை வைத்து வணங்குவேன்? உங்களுக்கு அது பழம்பொருள், எனக்கு அது அப்பாவின் குரல்" என்றார். அவர் கூறியது மெய். முன்னர்க் கொடுத்த சுவடி மீளவில்லை, பெற்றவரும் மறைந்தார். அலுவலர் கேட்டதும் மகன் கூறியதும் அறிவுக்கு ஒத்தன. தமக்கையார் கூறியதோ அறிவையும் கடந்து நின்றது. சிலதிங்கள் ஒன்றுந் துணியாதிருந்தோம்.

சென்ற கலைமகள் விழாவில் தமக்கையாரே சுவடியை அவிழ்த்துத் துணி மாற்றினார். எம்மூர் கடலை அடுத்தது. வசம்பிட்டும் எண்ணெய் தடவியும் போற்றியதாயினும், இரண்டு ஏடுகளிற் புதிய துளைகள் காணப்பட்டன. கறுத்த அப்பதிகத்து ஏட்டில் ஒரு துளை. அவர் நெடுநேரம் அதனை நோக்கியிருந்தார். பின்னர், "பூச்சி வாசிப்பதைப் பிள்ளைகள் வாசிக்கட்டும், தம்பி, ஆனால் நான் சொல்லுகிறபடி எழுதிக் கொடுக்கச் சொல்" என்றார். அவர் சொன்னவை நான்கு. சுவடி இரவலாகவே தரப்படும். உரிமை எம் குடும்பத்தது. ஐந்தாண்டிற்கொருமுறை புதுப்பித்து எழுதல் வேண்டும். ஒருகாலத்து நான்கு ஏடுகளுக்கு மேல் வெளியில் வைத்தல் ஆகாது. மூன்று திங்களுக்கொருமுறை மாற்றல் வேண்டும். அருகே வைக்கும் குறிப்பில் ஊர்ப் பெயரும், எப்பயனுக்கு இவ்வேடு ஓதப்பட்டது என்பதும் தமிழில் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் வைகாசி மூலத்தன்று, திருஞானசம்பந்த சுவாமிகள் குருபூசை நாளில், ஓதுவார் ஒருவர் அப்பேழையின் முன்னின்று அப்பதிகத்தை ஓதல் வேண்டும். அலுவலர் நான்கையும் தம் கையாலேயே எழுதி ஒப்பமிட்டார். நான்காவதை எழுதுங்கால், இதுபோல் ஒருவரும் கேட்டதில்லை என்றார், மறுக்கவில்லை.

தமக்கையார் கேட்ட நான்கனுள் அருங்காட்சியகக் கலை முழுவதும் அடங்கியிருத்தலை யான் பின்னரே கண்டேன். முதலாவது உரிமை, இரண்டாவது காப்பு, மூன்றாவது விளக்கம், நான்காவது உயிர். முதன் மூன்றும் நூல்களில் எழுதப்பட்டுள்ளன. நான்காவது சைவர் தம் பங்காகச் சேர்க்கவேண்டியது.

அன்பர்காள்! நும் இல்லங்களிற் பரணிலும் பேழையிலும் கிடக்கும் சுவடிகளை இத்திங்களிலேயே ஒருமுறை அவிழ்த்து நோக்குங்கள். யாது நூல், எத்தனை ஏடு, யார் எழுதியது என ஒரு தாளிற் குறித்து வையுங்கள். கொடுக்க மனமில்லையாயின் கொடுக்க வேண்டா, படியெடுக்கவேனும் இடங்கொடுங்கள். கொடுப்பதாயின் எழுத்துப் பெறாமற் கொடுக்க வேண்டா. நும் ஊர்க் கோயிலின் திருமேனிகளுக்கு ஒளிப்படமும் அளவும் உளவோ என்று அறங்காவலரை வினவுங்கள். ஆதீனங்கள் தம்பாலுள்ள ஏடுகளுக்கும் பட்டயங்களுக்கும் காட்சிக்கூடம் அமைக்குமாறு வேண்டிக்கொள்ளுங்கள். சீகாழியில் எழுந்த செப்பேடுகள் சீகாழியிலேயே, அவற்றோடு கிடைத்த திருமேனிகளின் அருகே, எளியோரும் சென்று காணுமாறு அமைதல் வேண்டும் என்பது அடியேன் விண்ணப்பம். அவற்றைப் புதைத்த பெயரறியாத அன்பர் அவை பிரியாதிருக்கவே அங்ஙனம் வைத்தனர். நாம் பிரித்தல் தகாது.

தில்லையிற் காப்பிட்ட கதவந் திறந்து திருமுறையை வெளிப்படுத்திய திருவருள், இன்னும் அடைத்துக் கிடக்கும் அறைகளையும் திறப்பிப்பதாக.

திருச்சிற்றம்பலம்.